புதுக்கோட்டை, காலனி

...பொய் இல்லையே, அப்படித்தான் சொல்கிறான் கிரீஷ், காதுக்குள் உட்கார்ந்துகொண்டு, பெங்களூரில் எங்கோ ஓர் ஏசி அறையில் பதிவுசெய்து அனுப்பிய குரலில், எங்கம்மா எந்த ஊருன்னு கேட்டா புதுக்கோட்டை, காலனின்னு மட்டும் சொல்லு கனகா, அவங்க என்ஜிஓ காலனின்னு நெனச்சுக்குவாங்க, நெனச்சுக்கட்டுமே, நீ பொய் சொல்லலையே, நீ இருக்கிறதும் காலனிதானே... பொய் இல்லைதான், ஒரு பொய்கூடச் சொல்லாமல் பெற்ற தாயை ஏமாற்றுவதற்கு எவ்வளவு மூளை வேண்டும், அந்த மூளைக்குத்தானே அங்கே அவனுக்கு வேலை, என்று நினைத்தபடி கனகா மேல வெளி வீதியைக் கடக்க முடியாமல் நின்றாள். பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து வெளியே வரும் பஸ் ஒவ்வொன்றும் அவள் கால் கட்டைவிரலைக் குறிவைத்தே திரும்புவதுபோல் இருந்தது. ஒரு ஆட்டோக்காரர் வண்டியை அவளுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, எக்கா, ஏறுறியா இல்ல வேடிக்கை பாக்குறியா என்றார். வேடிக்கைதாண்ணே பாக்க வந்தேன் என்றாள். அதுவும் பொய் இல்லை. வேடிக்கை பார்ப்பதற்குத்தான் அனுப்பியிருக்கிறான், அவளுக்குப் பிறந்தநாள் பரிசாம், மதுரையை உனக்கு நான் சுத்திக் காட்டுறேன், நான் இல்லாமலே காட்டுறேன், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வாய்ஸ் நோட், போய் நின்னு பிளே பண்ணு, பாக்குறதப் பாரு, வாங்குறத வாங்கு, விளக்கேத்துற நேரத்துக்கு வடக்கு ஆவணி மூல வீதில எங்க வீட்டு வாசல்ல இருப்ப. அங்கே அவன் அம்மா காத்திருப்பாள், முதன்முதலாக இவளைப் பார்க்க. பார்த்ததும் என்ன கேட்பாள், எந்த ஊரும்மா என்று கேட்பாள், அதைத்தான் கேட்பார்கள், யாரும் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை.

டவுன்ஹால் ரோட்டில் வெயில் இன்னும் இறங்கவில்லை, லாட்ஜ் வாசல்களில் துண்டு காய்ந்தது, வடநாட்டுக் குடும்பம் ஒன்று செருப்பில்லாமல் தார் ரோட்டில் குதித்துக் குதித்துப் போனது. அடுத்த பதிவு. கனகா, இப்ப நீ மேலக் கோபுரம் தெருவுக்குள்ள வர்ற, நேரா பாரு, கோபுரம் தெரியுதா, கொஞ்ச நேரம் அப்படியே நில்லு... அவள் நிற்கவில்லை, வேண்டுமென்றே நடந்தாள், வேண்டுமென்றே கோபுரத்தைப் பார்க்காமல் ஒரு பாத்திரக் கடையில் அடுக்கியிருந்த இட்லிக் கொப்பரைகளைப் பார்த்தாள். இவளுக்குக் கோபுரம் காட்டுகிறான். கல்லூரி விடுமுறைகளில் தெற்கு மாசி வீதி ஜவுளிக் கடையில் சேலை மடித்துப் போட்டவள் இவள், காலையிலிருந்து கடை அடைக்கும்வரை நின்றபடி, உட்கார்ந்தால் சூப்பர்வைசர் கனைப்பான், சாப்பாட்டுக்கு மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்குப் போனால் அங்கேயிருந்து நாலு கோபுரமும் ஒரே சமயத்தில் தெரியும், புளிச்சோறு தின்றுகொண்டு தினமும் பார்த்த கோபுரம், அதற்கு ஒரு வாய்ஸ் நோட்டா... இதை அவனிடம் சொல்லியிருக்கிறாளா? சொல்லியிருக்கிறாள். பல்கலைக்கழக நூலகத்துப் படியில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள், அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான், கண்கூடக் கலங்கியது. கலங்கிய கண் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது போல. அவனுக்கு இந்த ஊர் முன்வாசல் வழியாகத் தெரியும், அவளுக்குக் கடைகளின் பின்படிக்கட்டு வழியாகத் தெரியும், இரண்டு பேரும் ஒரே ஊரைத்தான் சொல்கிறோம் என்று இத்தனை நாள் நம்பியிருந்தாளே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சொல்லும் அப்படித்தான், ஒரே சொல், காலனி. நாகமலை புதுக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி நின்றால் இந்தப் பக்கம் என்ஜிஓ காலனி, பேராசிரியர்களும் ஆபீசர்களும் வீடு கட்டியிருக்கும் இடம், மதில்மேல் காகிதப்பூ, கேட்டில் நாயைப் பற்றிய எச்சரிக்கை. அங்கேயிருந்து உள்ளே போகும் ரோட்டில் போனால், மலையைச் சுற்றிக்கொண்டு, கண்மாய்க்கரை ஏறி இறங்கினால் அவளுடைய ஊர், ஊர் என்றால் ஊர் அல்ல, ஊருக்கு முன்னால் ஒரு ஓடை, ஓடைக்கு இந்தப் பக்கம் அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடுகள், அது காலனி. மினி பஸ் கண்டக்டர் ஊர் வந்தால் ஊர்ப் பேரைச் சொல்வான், இங்கே வந்தால் காலனில்லாம் எறங்கு என்பான், காலனில்லாம் என்று, ஏதோ சாக்கில் கட்டிப்போட்ட சாமானைச் சொல்வதுபோல. அந்தச் சொல்லையே அரசாங்கம் எடுத்துவிடப் போகிறது என்று டிவியில் செய்தி வந்த அன்று அப்பா, கருப்பு என்று பேர் வைத்திருந்தாலும் வெள்ளைச் சட்டை தவிர வேறு போடாத அப்பா, சோத்துத் தட்டோடு சிரித்தார், அப்ப அந்தக் கண்டக்டர் பய நம்மள என்னன்னு சொல்லி எறக்கிவிடுவான், பாவம் அவனுக்கு வாய் தடுமாறுமே என்றார். அம்மா, நீ பேசாமத் தின்னு, எறங்குறதுக்கு எடம் இருந்தாப் போதாதா என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்குச் சிரித்த சொல்லைத்தான் இன்றைக்கு ஒருவன் மடித்து இவள் கைப்பையில் வைத்து அனுப்பியிருக்கிறான், பத்திரமாக் கொண்டுபோ, அம்மாகிட்ட அப்படியே குடு, பிரிச்சு மட்டும் காட்டிராத.

சேலைக் கடைக்குப் போ என்றது குரல், அம்மாவுக்கு சுங்குடி ஒண்ணு எடு, அரக்குல இல்லேன்னா மயில் கழுத்துக் கலர்ல. சந்துக்குள் இருந்த சின்னக் கடை, பாயில் உட்கார்ந்திருந்த பெண் வாயில் பாக்கோடு, வாங்கம்மா, யாருக்குப் பாக்குறீக, அம்மாவுக்கா என்றாள். இல்ல என்றாள் கனகா. மாமியாருக்கா? இன்னும் ஆகல. அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது, அடியாத்தி, இன்னும் ஆகலைன்னா கெட்டிச் சாயமா எடுத்துட்டுப் போங்க, நாளைக்கு வெளுத்துப்போச்சுன்னா உங்க கொணத்தத்தான் சொல்லும் அந்தம்மா என்று எடுத்தெடுத்துப் போட்டாள், பக்கத்தில் பில் போட்டுக்கொண்டிருந்த புருஷன், நீ எங்கம்மாவுக்கு எடுத்த சேலைய மொதத் தண்ணிக்கே வெளுக்க வச்சவதான என்றான் தலையைத் தூக்காமல். அது சேலை வெளுக்கல, உங்கம்மா வாய் பட்டு வெளுத்துச்சு. கனகாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பதற்கு மனசு இல்லாததால் அது மூக்கு வழியாக வெளியேறியது. அரக்கும் வேண்டாம், மயில் கழுத்தும் வேண்டாம், கறுப்பில் வெள்ளைப் புள்ளி இருக்கா என்று கேட்டாள். கறுப்பா, நல்ல காரியத்துக்குப் போறப்பவா? கறுப்புத்தான். கட்டுவார்களா மாட்டார்களா, கட்டாவிட்டால் என்ன, அவன் அம்மா பிரித்துப் பார்க்கும்போது அந்த முகத்தைப் பார்க்கவேண்டும், ஆசைப்பட்டு எடுத்தேங்க என்று சொல்லவேண்டும், அதுவும் பொய்யாக இருக்காது... தன்மேலேயே அவளுக்கு ஒரு நிமிடம் அருவருப்பாக இருந்தது. பார்த்தே இராத ஒருத்திமேல் இவ்வளவு விஷம் எங்கிருந்து ஊறுகிறது, அந்த அம்மா இவளுக்கு என்ன செய்தாள், ஒன்றும் செய்யவில்லை, இன்னும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

சித்திரை வீதியில் வண்டி கிடையாது, கல் பாவிய தரை, கல் பெஞ்சுகளில் ஊர்ப்பட்ட ஜனம், வளையல் விற்கும் பெண்கள் போலீஸ்காரரைக் கண்டால் மூட்டையைச் சுருட்டுவதும் அவர் திரும்பினால் விரிப்பதுமாக இருந்தார்கள். கிரீஷ் சொல்கிறான், கோயிலுக்குள்ள இன்னைக்குப் போகாத, அம்மா உன்னைக் கூட்டிட்டுப் போகணும்னு ஆசைப்படுறாங்க, எங்க தாத்தா கைங்கரியம் பண்ணின சன்னதி, அவங்களே காட்டுவாங்க. காட்டுவார்கள், சரி, இவள் அங்கே போனதே இல்லை பாருங்கள், ஒவ்வொரு தைப் பொங்கலுக்கும் டெம்போவில் காலனியே கிளம்பி வந்து, பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டில் கட்டுச்சோறு பிரிக்கக்கூடாது என்று காவலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு... கூட்டிக்கொண்டு போனால்தான் போகமுடியும் என்பதுபோல் ஒரு தொனி அவன் குரலில் இருக்கிறதா, இல்லை இவள் காதுதான் அப்படிக் கேட்கிறதா, இந்தச் சந்தேகம்தான் அவளைத் தின்கிறது, எதிரி எதிரியாகவே இருந்தால் நிம்மதி. அடுத்து புதுமண்டபத்துக்குள்ள போ, சிலைகளுக்கு நடுவுல தையக்காரங்க இருப்பாங்க, அந்தச் சத்தமே ஒரு சங்கீதம் மாதிரி இருக்கும் என்றான். புதுமண்டபத்தில் தையல்காரர் யாரும் இல்லை. கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றி எவ்வளவு காலமாகிறது, பூட்டிய கம்பிக்குப் பின்னால் யாளிகள் மட்டும் நின்றன. அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லிமுடியாது. உன் மதுரை காலாவதியாகிவிட்டதுடா கிரீஷ், நீ வழிகாட்டும் ஊர் உன் போனுக்குள் மட்டும்தான் இருக்கிறது, என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள் போல, பக்கத்துப் பெஞ்சில் பூ கட்டிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்து, போன்ல பேசுதாக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அப்போது பார்த்து அருண்பாண்டி கூப்பிட்டான், அண்ணன், வீட்டில் விஷயம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான், தெரிந்தநாளிலிருந்து கேலி பேசியே அவளை ஒரு வழி பண்ணிக்கொண்டிருப்பவன். ஏ புள்ள, போய்ட்டியா, காப்பி குடுத்தாகளா? இன்னும் போகலண்ணே. போனா எனக்கு ஒண்ணு மட்டும் பாத்துச் சொல்லு, குடுக்குற டம்ளர் அவுக குடிக்குற டம்ளர் மாதிரியே இருக்கா, இல்ல ஒனக்குன்னு பேப்பர் கப்பு வாங்கி வச்சிருக்காகளான்னு. நீ வேற ஏண்ணே. கோவிக்காத, மாப்ள நல்லவன்தான், நான் எப்ப இல்லன்னேன், நல்லவனுக்குத்தான் எம்புட்டு வழி தெரியுது பாரு, எதச் சொல்லணும் எதச் சொல்லக்கூடாதுன்னு. பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, கேட்டாகன்னா என்ன சொல்லப் போற என்றான். தெரியல. தெரியலைன்னா திரும்பி வந்துரு. அதான் தெரியலங்கறேன்ல. சரி சரி, வைக்கிறேன், அப்பா வாராரு. வைத்துவிட்டான். என்ன சொல்லப் போகிறாள்? நான் என்ஜிஓ காலனி இல்லை என்று சொன்னால் அந்த அம்மாவின் முகம் மூடிக்கொள்ளும், கிரீஷ் ரெண்டு நாள் பேசமாட்டான், பிறகு பேசுவான், பிறகு எல்லாம் தள்ளிப்போகும், தள்ளிப்போய்த் தள்ளிப்போய் ஒருநாள் இல்லாமல் போகும். சொல்லாவிட்டால் கல்யாணம் நடக்கும், அப்பா வெள்ளைச் சட்டையோடு மண்டபத்தில் யாரிடமும் பேசாமல் ஓரமாக நிற்பார், எந்த ஊர் என்று கேட்டால் அவரும் காலனி என்பார், சொல்லிக்கொடுத்திருப்பாள் இவள், பெற்ற அப்பாவுக்கே... வேண்டாம், அதைமட்டும் நினைக்காதே.

காதிலிருந்ததைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். அவன் வடக்கே போகச் சொன்னான், அவள் தெற்கே திரும்பினாள். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டாக் கடையில் வண்டிவண்டியாக வெளியூர்க்காரர்கள், குடித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள், அவளுக்குத் தாகமாகத்தான் இருந்தது, இருந்தும் குடிக்கவில்லை, அவன் பட்டியலில் அதுவும் இருந்திருக்கும். கீழவாசல் தாண்டி, லாரியும் தள்ளுவண்டியுமாக முட்டிக்கொள்ளும் கீழ வெளி வீதியில், மரியன்னை பேராலயத்தின் இரண்டு கோபுரங்கள் நின்றன. இது அவன் பதிவில் இல்லை, அதனாலேயே உள்ளே போனாள். உள்ளே குளுமை, வரிசையாக வளைவுகள், மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது, ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். வேறு தேசத்து நாவல்களில் இப்படித்தான் ஒருவன் நாளெல்லாம் ஒரு பழைய நகரத்தில் நடப்பான், பாலம் வரும், பேராலயம் வரும், பனி பெய்யும், உள்ளே வந்து இப்படி உட்காருவான், அவனை ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், அந்தச் சுதந்திரத்துக்காகவே அந்தப் புத்தகங்களை நூலகத்திலிருந்து கட்டுக்கட்டாக எடுத்துப்போய்ப் படித்தாள். இப்போது தோன்றுகிறது, அவற்றிலும் தெருப் பேர்கள் வரும்தானே, இன்ன தெருவில் இன்ன வீட்டில் குடியிருந்தான் என்று, இவள் அதை வெறும் பேராகப் படித்துவிட்டுப் போய்விட்டாள், அந்த ஊர்க்காரன் படித்திருந்தால் அந்தத் தெருப் பேரைக் கேட்டதுமே, ஓ அந்தத் தெருவா என்று உதட்டைச் சுளித்திருப்பானோ என்னவோ. மொழிபெயர்ப்பில் சுளிப்பு மட்டும் வந்து சேருவதில்லை போலும்.

முன்பெஞ்சில் முக்காடிட்ட ஒரு அம்மா செபமாலையை முடித்து முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பினாள், சிரித்தாள், எந்தப் பங்கும்மா என்றாள். பங்கா? எந்தக் கோயிலச் சேந்தவன்னு கேட்டேன்மா, இங்கன பாத்ததில்லையே. நான் சும்மா உக்கார வந்தேங்க. அதனால என்ன, நல்லா உக்காரு, நம்ம வீடுதான, ஆமா, ஊரு எது? புதுக்கோட்டைங்க. நாகமல புதுக்கோட்டையா, அங்க எங்கன? என்ஜிஓ காலனி என்றாள் கனகா. அந்த அம்மா, நல்ல எடமாச்சே, காத்தோட்டமா இருக்கும் என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டாள். யார் சொன்னது? அவன் கேட்டது வெறும் காலனி, அதுகூடப் பொய்யாகாமல் பார்த்துக்கொண்டான் அவன், இவள் வாய் எதற்கும் தேவையில்லாத இடத்தில், இனிமேல் பார்க்கவே போகாத ஒருத்தியிடம், நோகாமல் முழுப் பொய்யையும் சொல்லி முடித்துவிட்டதே, எச்சில் விழுங்குவதுபோல, யாரும் சொல்லிக்கொடுக்காமலே... இவளா அவனைக் கோழை என்று நினைத்தபடி மேலக் கோபுரத்திலிருந்து நடந்து வந்தவள்? சொல்லியே தீருவேன், அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து, அவள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்வேன் என்று எழுந்தாள், அது சத்தியமா பழிவாங்கலா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

போன் அடித்தது. புது எண், பழகிய குரல்போல ஒரு குரல், கனகாவா, நான் கிரீஷோட அம்மா பேசறேன், ஜானு மாமி, எங்கேம்மா இருக்கே, நானும் வெளியிலேதான் நிக்கறேன், பூ வாங்க வந்தேன், ஆத்துக்கு நீ தனியா வழி கேட்டுண்டு வர வேண்டாம், அம்மன் சன்னதித் தெரு முனைக்கு வந்துடு, சேர்ந்தே போயிடலாம். கீழ மாசி வீதியில் சரக்கு இறக்கும் வண்டிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து நடந்தபோது நெஞ்சுக்குள் வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கினாள், நான் என்ஜிஓ காலனி இல்லைங்க, நான் என்ஜிஓ காலனி இல்லைங்க... தேர்முட்டிக்குப் பக்கத்தில் பூக்கூடைகளுக்கு நடுவில் நின்ற அம்மாள் குள்ளமாக, வியர்த்துப்போய், மூக்குத்தி மினுங்க, ஒரு கையில் துணிப்பையோடு நின்றாள், எதிரியாக வரைந்து வைத்திருந்த உருவத்தில் பாதிகூட இல்லை. என்னடியம்மா இப்படி வேர்த்துக் கொட்றது உனக்கு, அவன் உன்னை ஊர் பூரா நடக்க விட்டானாமே, மண்டு, அவனுக்கு ஊரே தெரியாது, சின்ன வயசிலே விளக்குத்தூண்லே தொலைஞ்சு போனவன் என்று சொல்லிக்கொண்டே வாங்கிய மல்லிகையில் பாதியைக் கிள்ளி, திரும்பு என்று அவள் தோளைப் பிடித்துத் திருப்பித் தலையில் வைத்துவிட்டாள். பூவின் ஈரம் கழுத்தில் பட்டது. இப்போது சொல். இப்போதே சொல். மாமி, நான் ஒண்ணு சொல்லணும், நான் என்ஜிஓ காலனி இல்லைங்க.

தெரியுமே என்றாள் ஜானு மாமி. எனக்குத் தெரியும்மா, எங்காத்து மாமாவுக்கும் தெரியும், முதல் நாளே எல்லாத்தையும் சொல்லிட்டான் அவன், உங்கப்பா பேர்கூடச் சொன்னானே, கருப்பு, எங்களுக்கு அதெல்லாம் ஒண்ணுமே இல்லை, மாமா நாலு நாள் பேசாம இருந்தார், அப்புறம் சரியாயிட்டார். காலனின்னு சொன்னாப் போறும்னு நான்தான் அவன்கிட்டே சொன்னேன், எங்களுக்காக இல்லை, தெருவுக்காக, கீழே ரெண்டு குடித்தனம், எதிர்த்தாத்துலே ஒருத்தர், எல்லார்கிட்டேயும் நின்னு விளக்கிண்டிருக்க முடியுமா சொல்லு, அவா அவா தோணினதை நெனச்சுண்டு போகட்டுமே. பேச்சில் ஒரு கள்ளம் இல்லை, அதுதான் கொடுமை, காய்கறிக்காரனிடம் மிச்சச் சில்லறைக்கு மல்லுக்கட்டாதே என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அப்படியானால் அவன்... அம்மாவை ஏமாற்றச் சொல்வதுபோல் இவளிடம் சொன்னானே, அம்மாவும் மகனும் சேர்ந்து எடுத்த முடிவு என்று தெரிந்தால் இவள் வரமாட்டாள் என்று கணக்குப் போட்டானா, இல்லை அம்மா பேரைக் கெடுத்தாவது தன்னைக் கொஞ்சம் அப்பாவியாக வைத்துக்கொண்டானா? மத்தியானம் முழுதும் கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு வந்தவளுக்குக் குத்துவதற்கு ஆள் இல்லை. எதிரே நிற்பவள் தலையில் பூ வைத்துவிட்டவள். இருந்தும் கோபம் போகவில்லை, போகாத கோபம் இன்னும் கூடிக்கொண்டே போயிற்று, நீங்கள் கெட்டவராக இருந்திருக்கலாமே மாமி, எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

என்ன ஜானு, இன்னிக்கு பூக்கடைப் பக்கம், என்று ஒரு குரல் கேட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த வயதான மனிதர், ஹேண்டில்பாரில் வாழை இலைக்கட்டு, நெற்றியில் விபூதி வேர்வையில் கரைந்திருந்தது. எதிர்த்தாத்து பிச்சுமணி மாமா என்று மாமி அவள் காதோரம் சொன்னாள், சொன்னபோதே அவளுடைய விரல்கள் கனகாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டன, அன்பாகத்தான், கொஞ்சம் இறுக்கமாகவும். யாரு குழந்தை? கிரீஷோட ஃப்ரெண்ட். ஃப்ரெண்டா, ஓஹோ, ஃப்ரெண்டுக்குத்தான் நீ தலையிலே பூ வைக்கறியாக்கும், எனக்குக் கண்ணாடி மாத்தியாச்சு ஜானு, எல்லாம் நன்னாத் தெரியறது, என்று தானே சிரித்துக்கொண்டு கனகாவின் பக்கம் திரும்பினார், எந்த ஊரும்மா? மாமி முந்திக்கொண்டாள், புதுக்கோட்டை, காலனி. நாகமலை புதுக்கோட்டையா, என்ஜிஓ காலனியா, அங்கே என் மச்சினன் இருக்கானே, எந்த வீதி? மாமி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, கனகாவைப் பார்த்தாள், பிடித்த விரல்கள் அப்படியே இருந்தன.

என்ஜிஓ காலனி இல்லைங்க என்றாள் கனகா. தன் குரல் இவ்வளவு பெரிதா என்று அவளுக்கே தோன்றியது, பூக்காரி நிமிர்ந்து பார்த்தாள். மலைக்கு அந்தப் பக்கம், ஊர்ல காலனி, நாங்க ஊர்க் காலனி. சொல்லிவிட்டாள். முடிந்தது. விழப்போவது எதுவோ அது விழட்டும் என்று காத்திருந்தாள். பிச்சுமணி மாமா நெற்றியைச் சுருக்கினார், பிறகு முகம் தெளிந்தது, ஓ, மலைக்கு அந்தண்டையா, அங்கேயும் காலனி வந்துடுத்தா, புது லே-அவுட்டா, பரவாயில்லையே, கேட் போட்டு செக்யூரிட்டி எல்லாம் வச்சிருக்காளா, தண்ணி எப்படிம்மா, உப்பா நல்ல தண்ணியா, என் மாப்பிள்ளைகூட அந்தப் பக்கம்தான் பிளாட் பார்த்துண்டிருக்கான்... அவர் நடிக்கவில்லை, நிஜமாகவே அந்தச் சொல்லுக்கு அவரிடம் வேறு அர்த்தம் இல்லை, ஆயுள் முழுக்க இந்த நாலு வீதிக்குள் இருந்துவிட்டவர், அவருக்குக் காலனி என்றால் காலனி. மாமியின் தொண்டையிலிருந்து ஒரு சின்னச் சிரிப்பு வெளிவந்தது, நிம்மதியில் தானாக வந்த சிரிப்பு, உடனே அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். போறும், வா போகலாம் என்று விரல்கள் இழுத்தன. கனகா நகரவில்லை. உண்மையைச் சொல்லியாயிற்று, அது வாயை விட்டு வந்த உடனேயே மதில் எழுப்பிக் காகிதப்பூ வைத்துக்கொண்டு பொய்யாகப் போய் நின்றுகொண்டது. இப்போது அவருக்குப் புரியவேண்டும் என்றால் இன்னொரு சொல் வேண்டும், காலனிக்கு அடியில் இருக்கும் சொல், அதைச் சொல்லாமலிருக்கத்தான் அப்பாவே எல்லாரிடமும் காலனி என்கிறாரா, இத்தனை வருஷமும் வீட்டில் இருந்துகொண்டு இது ஏன் தெரியவில்லை, இவள் மத்தியானம் முழுக்க யாருக்காகச் சண்டை போட்டுக்கொண்டு வந்தாளோ அந்தச் சொல்லே ஒரு மூடி. அடியில் இருக்கும் அந்தச் சொல்லை அவளுக்குத் தெரியும், பள்ளிக்கூட மைதானத்தில் கேட்டிருக்கிறாள், மினி பஸ்ஸின் பின்சீட்டில் கேட்டிருக்கிறாள், மண் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மண்பை கொண்டுவந்த ஒருவர் அவள் மேஜையை விட்டு வராந்தாவுக்குப் போனதும் பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாகச் சொன்னதையும் கேட்டிருக்கிறாள், எல்லாம் அடுத்தவர் வாயிலிருந்து, எல்லாம் எறிவதற்காக எடுத்தது. தண்ணி எப்படிம்மா என்று பிச்சுமணி மாமா மறுபடியும் கேட்டார், இலைக்கட்டு சரியாமல் சைக்கிளை இடுப்பால் முட்டுக்கொடுத்தபடி, நிஜமான அக்கறையோடு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கனகா வாயைத் திறந்தாள்... அந்தச் சொல்லைத் தன் குரலில் ஒருமுறைகூட அவள் கேட்டதே இல்லை, அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.